நரம்பியல் நோயாளிகளிடம் அழற்சியை அளப்பது: ஊசி முதல் அறிக்கை வரை

ஐ.எல்-6 (இன்டர்லூகின்-6, அழற்சிச் செய்தியைக் கடத்தும் சைட்டோகைன்கள் என்ற புரதங்களுள் ஒன்று) அளவு மில்லிலிட்டருக்கு 48 பிகோகிராம் என்று ஓர் அறிக்கை வருகிறது. ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரம் கழித்து சென்ட்ரிஃபியூஜில் வைத்தார்கள்? முந்தைய நாள் ஸ்டீராய்டு ஏறியதா? அன்று காலை வலிப்பு வந்ததா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால் அந்த 48-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அழற்சிக் குறியீட்டு அளவீட்டில் பெரும்பாலான தவறுகள் மாதிரி கருவிக்குப் போகும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் கருவியைவிட ஊசி, குழாய், கடிகாரம் ஆகியவற்றுக்கே அதிக இடம்.

எதை அளப்பது

கேள்வியைத் தெளிவாக எழுதிக்கொண்ட பிறகு சோதனையைத் தேர்ந்தெடுங்கள். உடல் முழுவதும் அழற்சி இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உள்ளேயே அழற்சி நடக்கிறதா என்பது வேறு கேள்வி. நரம்பிழைகள் சேதமடைகின்றனவா என்பது மூன்றாவது. ஒன்றுக்கான சோதனை இன்னொன்றுக்கு விடை தராது.

சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரதம்), இ.எஸ்.ஆர். (சிவப்பணு படியும் வேகம்) இரண்டும் முதல் கேள்விக்கு மட்டுமே. ஐ.எல்-6 தூண்ட, கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. தூண்டல் தொடங்கி சுமார் 6 மணி நேரத்தில் அது ஏறத் தொடங்கி, 48 மணி நேரத்தையொட்டி உச்சம் தொடும். அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். பக்கவாதம் வந்து மூன்றாம் நாள் சி.ஆர்.பி. ஏறினால் மூளை திசு அழிவைவிட நிமோனியாவையோ சிறுநீர்த் தொற்றையோ முதலில் சந்தேகிப்பது நல்லது. எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயாளிக்கு நோய் முற்றித் தாக்கும்போதும் சி.ஆர்.பி. இயல்பாகவே இருக்கலாம். அதை எம்.எஸ். தீவிரத்துக்கான அளவுகோலாக வைப்பதில் பொருளில்லை. ஆனால் வயதானவர் ஒருவருக்குப் புதிதாகத் தலைவலியும் பார்வை மங்கலும் வந்தால், ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் (தலைப்பகுதி ரத்தக்குழாய் அழற்சி) சந்தேகத்தில் இதே இரண்டு மலிவான சோதனைகள்தான் அவசரத் தேவை.

இரண்டாவது கேள்விக்கு மூளைத் தண்டுவட நீர், அதாவது சி.எஸ்.எஃப். வேண்டும். செல் எண்ணிக்கை, ஆல்புமின் விகிதம், ஐ.ஜி.ஜி. (ரத்தத்தின் முக்கிய ஆன்டிபாடி வகை) குறியீடு, ஒலிகோகுளோனல் பட்டைகள் (ஒரு சில செல் வம்சங்கள் சுரந்த ஆன்டிபாடிகள் ஜெல்லில் காட்டும் கோடுகள்), கப்பா ஃப்ரீ லைட் செயின் (ஆன்டிபாடியின் தனித்து நிற்கும் சிறு துண்டு) ஆகியவை அடிப்படை. இவற்றுக்கு மேலே சி.எக்ஸ்.சி.எல்-13 (பி செல்களை ஈர்க்கும் புரதம்), நியோப்டெரின் (தூண்டப்பட்ட நோயெதிர்ப்புச் செல்கள் வெளிவிடும் பொருள்), ஐ.எல்-6 போன்றவற்றைச் சேர்க்கலாம். சி.எக்ஸ்.சி.எல்-13 நியூரோபொரேலியோசிஸில் (நரம்பு மண்டலத்தைத் தாக்கும் லைம் நோய்) மிக அதிகமாக ஏறி, ஆன்டிபயாட்டிக் தொடங்கியதும் விரைவாக இறங்கும். நியூரோசிஃபிலிஸ், மூளை லிம்ஃபோமா ஆகியவற்றிலும் ஏறும் என்பதால் அதைத் தனியாக வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். நியூரோஃபிலமென்ட் லைட் என்ற புரதம் நரம்பிழைச் சேதத்தையும், ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம் ஆஸ்ட்ரோசைட்டுகளின் (நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் செல்கள்) நிலையையும் காட்டுபவை. இவற்றை அழற்சிக் குறியீடுகள் என்று பட்டியலிடும் பழக்கம் பரவிவிட்டது. அழற்சி விட்டுச்செல்லும் சேதத்தை இவை காட்டலாம்; அழற்சியை நேரடியாக அளப்பதில்லை. நியூரோஃபிலமென்ட் வயதோடு ஏறும், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தாலும் ஏறும், கை கால் நரம்பு நோயிலும் ரத்தத்தில் ஏறும். வயதுக்கேற்ற எல்லை இல்லாமல் அதைப் படிக்கக் கூடாது.

ஆட்டோஆன்டிபாடி (உடல் தன் திசுவுக்கு எதிராகவே உருவாக்கும் ஆன்டிபாடி) சோதனைகளில் மாதிரியைத் தவறாகத் தேர்ந்தால் நோயே தவறிப்போகும். அக்வாபோரின்-4, மாக் (எம்.ஓ.ஜி.) ஆன்டிபாடிகளுக்கு முதலில் அனுப்ப வேண்டியது சீரம் (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிநீர்), சோதனை முறை செல் அடிப்படையிலானது. என்.எம்.டி.ஏ. ஏற்பி ஆன்டிபாடிக்கு சி.எஸ்.எஃப். கட்டாயம். சீரத்தை மட்டும் பார்த்து இல்லை என்று சொல்வது ஆபத்து.

நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டியவை

மாதிரியோடு ஒரு பக்கத் தாள் போக வேண்டும். கடைசியாக ஸ்டீராய்டு எப்போது, எவ்வளவு? ஐ.வி.ஐ.ஜி. (தானம் தந்தவர்களின் ஆன்டிபாடிகளை நரம்பு வழி ஏற்றுவது) அல்லது பிளாஸ்மா மாற்றம் நடந்ததா? கடந்த இரண்டு வாரங்களில் காய்ச்சல், பல் தொற்று, தடுப்பூசி உண்டா? கடைசி வலிப்பு எப்போது? புகைப்பழக்கம், உடல் எடை, மாத்திரைகள் என்னென்ன? கடைசி 24 மணி நேரத்தில் கடுமையான உடற்பயிற்சி உண்டா? தசை வேலை செய்தாலே ஐ.எல்-6 ரத்தத்தில் ஏறும். பெரிய வலிப்பு வந்த பிறகு ரத்தத்திலும் சி.எஸ்.எஃப்.பிலும் ஐ.எல்-6 ஏறுகிறது. சி.எஸ்.எஃப்.பில் வெள்ளணுக்களும் சற்று கூடலாம். அந்த ஏற்றத்தை என்செஃபலைட்டிஸ் (மூளை அழற்சி) என்று படித்துவிடும் வாய்ப்பு உண்மையாகவே இருக்கிறது.

மெத்தில்ப்ரெட்னிசலோன் தொடங்குமுன் மாதிரி எடுத்துவிடுவது எப்போதும் நல்லது. ஆனால் நோயாளியின் நிலை மோசமாக இருந்தால் மாதிரிக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. எந்த நேரத்தில் மருந்து ஏறியது என்று குறித்துக்கொண்டு எடுத்தால் போதும். சைட்டோகைன்களும் செல் எண்ணிக்கையும் ஸ்டீராய்டில் இறங்கும். ஒலிகோகுளோனல் பட்டைகள் அவ்வளவு எளிதில் மறைவதில்லை.

ஐ.வி.ஐ.ஜி. இன்னும் தொல்லை தரும். கொடுத்த பின் சீரம் ஐ.ஜி.ஜி. ஏறும்; அதனாலேயே இ.எஸ்.ஆர்.உம் ஏறும், தானம் தந்தவர்களின் ஆன்டிபாடிகள் நோயாளியின் ரத்தத்தில் தெரியவரும். ஆகவே முதல் பாட்டிலைத் தொங்கவிடுமுன் 5 மி.லி. சீரத்தை ஒதுக்கி உறைய வைத்துவிடுங்கள். பிறகு வருந்திப் பயனில்லை.

டோசிலிஸுமாப், சாட்ரலிஸுமாப் போன்ற ஐ.எல்-6 ஏற்பித் தடுப்பான்கள் எடுப்பவர்களிடம் விளைவு தலைகீழாக இருக்கும். ஏற்பி அடைபட்டதால் ஐ.எல்-6 வெளியேற வழியின்றி ரத்தத்தில் ஏறும். அதன் சமிக்ஞை கல்லீரலை எட்டாததால் சி.ஆர்.பி. கிட்டத்தட்ட காணாமல் போகும். இவர்களுக்குத் தொற்று வந்தாலும் சி.ஆர்.பி. இயல்பாகக் காட்டும்.

ரத்தம் எடுத்தல்

நேரத்தை நிலையாக வையுங்கள். காலை 8 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் என்று ஓர் ஒழுங்கு வைத்தால் ஒப்பிட முடியும். டோர்னிகே (கையில் இறுக்கும் பட்டை) ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 21 கேஜ் ஊசி நல்லது. மெல்லிய ஊசியில் வேகமாக உறிஞ்சினால் சிவப்பணு உடையும். சிவப்பணுக்கள் ஐ.எல்-8 போன்ற கெமோகைன்களைத் தங்கள் மேல் பிடித்து வைத்திருப்பவை. உடைந்தால் அவை மாதிரியில் கொட்டும். சீரம் குழாயை முதலிலும் இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயைப் பிறகும் நிரப்புங்கள்.

சீரமா பிளாஸ்மாவா? சைட்டோகைன்களுக்கு இ.டி.டி.ஏ. பிளாஸ்மாவையே பரிந்துரைக்கிறோம். ரத்தம் உறையும்போது பிளேட்லெட்டுகள் தம்மிடம் உள்ளவற்றை வெளிவிடும். அதனால் வி.இ.ஜி.எஃப்., பி.டி.என்.எஃப்., சி.டி-40 லிகண்ட் ஆகியவை சீரத்தில் செயற்கையாகப் பல மடங்கு உயர்ந்து தெரியும். சீரத்தில் இவற்றை அளந்து அழற்சி என்று எழுதினால் பெரும்பாலும் நீங்கள் எண்ணியது பிளேட்லெட்டுகளை. எதைத் தேர்ந்தாலும் ஆய்வு முடியும்வரை அதையே தொடருங்கள். பாதியில் மாற்றினால் முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது.

எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். குழாயில் உயிரோடு இருக்கும் வெள்ளணுக்கள் சும்மா இருப்பதில்லை, ஐ.எல்-6, ஐ.எல்-8, டி.என்.எஃப். ஆகியவற்றைச் சுரந்துகொண்டே இருக்கும். சென்ட்ரிஃபியூஜ் 2000 ஜி-யில் (புவியீர்ப்பு விசையின் 2000 மடங்கு) 10 நிமிடம். பிளேட்லெட் இல்லாத பிளாஸ்மா வேண்டுமென்றால் மேலுள்ள திரவத்தை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றி 2500 ஜி-யில் இன்னொரு 15 நிமிடம். பிப்பெட் நுனி வெள்ளணுப் படலத்தைத் தொடாமல் அரை சென்டிமீட்டர் மேலேயே நிறுத்துங்கள். கடைசித் துளிக்கு ஆசைப்பட வேண்டாம். சீரமென்றால் அறை வெப்பத்தில் 30 முதல் 60 நிமிடம் உறையவிட்டுச் சுற்றுங்கள். சுற்றும் வேகத்தை நிமிடச் சுழற்சியில் எழுதாமல் ஜி-யில் எழுதுங்கள். ரோட்டார் ஆரம் மாறினால் அதே சுழற்சி வேறு விசையாகிவிடும்.

சி.எஸ்.எஃப்.

லம்பார் பங்சரை (இடுப்புப் பகுதியில் ஊசி குத்தி சி.எஸ்.எஃப். எடுப்பது) பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும். மூளைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறி, கட்டி, ஊசி குத்தும் இடத்தில் தோல் தொற்று, ரத்தம் உறையாமைக்கான மருந்து, மிகக் குறைந்த பிளேட்லெட் எண்ணிக்கை ஆகியவற்றை முன்கூட்டிப் பார்த்துவிடுவது அவருடைய பொறுப்பு. மூன்றாவது நான்காவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே, அல்லது நான்காவது ஐந்தாவதுக்கு நடுவே, 22 முதல் 25 கேஜ் அளவுள்ள கூர்முனையற்ற ஊசி பயன்படுத்தினால் பிந்தைய தலைவலி குறையும்.

ஆய்வகத்துக்கு முக்கியம் குழாயும் அளவும். பாலிபுரோப்பிலீன் குழாய் மட்டுமே. கண்ணாடியும் பாலிஸ்டைரீனும் புரதங்களைச் சுவரில் ஒட்டவைத்துக்கொள்ளும். முதல் 1 முதல் 2 மி.லி. வழக்கமான வேதிச் சோதனைக்கு. தோலில் உள்ள கிருமி கலக்கக்கூடும் என்பதால் கல்ச்சருக்கு அதை அனுப்ப வேண்டாம். குறியீடுகளுக்கான மாதிரி அடுத்தடுத்த குழாய்களில் வரட்டும். மொத்தம் எவ்வளவு எடுப்பது என்பதை எல்லா நோயாளிக்கும் ஒன்றாக வையுங்கள், 12 மி.லி. வழக்கமான இலக்கு. கீழிருந்து மேலாகப் போகப் போக ஆல்புமின் போன்ற ரத்தப் புரதங்களின் அடர்த்தி குறைகிறது. ஒருவரிடம் 3 மி.லி.யும் இன்னொருவரிடம் 15 மி.லி.யும் எடுத்தால் தண்டுவடத்தின் வேறு வேறு உயரங்களை ஒப்பிடுகிறீர்கள்.

செல் எண்ணிக்கை காத்திருக்காது. அறை வெப்பத்தில் 2 மணி நேரத்தில் நியூட்ரோஃபில்களில் சுமார் பாதி சிதைந்துவிடும். அரை மணி நேரத்துக்குள் எண்ணுவதை இலக்காக வையுங்கள். வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 5 வரை பெரியவர்களுக்கு இயல்பு.

எண்ணிய பிறகு:

1. 2000 ஜி-யில் 10 நிமிடம், அறை வெப்பத்தில் சுற்றுங்கள். செல்களையே ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அனுப்புவதாக இருந்தால் 400 ஜி போதும்.
2. மேலுள்ள தெளிந்த நீரை ஒரு பெரிய குழாயில் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். பிறகுதான் பிரிக்க வேண்டும். இல்லையெனில் முதல் குப்பியும் கடைசிக் குப்பியும் ஒரே மாதிரி இருக்காது.
3. 0.25 முதல் 0.5 மி.லி. வரை சிறு குப்பிகளில் பிரியுங்கள். குப்பி முக்கால் பங்காவது நிரம்பட்டும். காற்றிடம் அதிகமானால் உள்ளிருக்கும் திரவம் வற்றிச் செறிவு மாறும்.
4. எடுத்த 2 மணி நேரத்துக்குள் −80 டிகிரி செல்சியஸில் வையுங்கள். −20 டிகிரி தற்காலிகத்துக்கு மட்டும். தானே பனி உருக்கும் வீட்டு ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம், அது சத்தமில்லாமல் மாதிரியை உருக்கி உறைய வைத்துக்கொண்டே இருக்கும்.
5. நியோப்டெரின் அளப்பதானால் குப்பியை அலுமினியத் தாளில் சுற்றுங்கள், அது வெளிச்சத்தில் சிதையும்.

ஒவ்வொரு குப்பியும் உருகுவது ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. அதற்குத்தான் சிறு குப்பிகள். ஒரே 5 மி.லி. குழாயில் சேமித்துவிட்டு ஒவ்வொரு சோதனைக்கும் உருக்குவது மாதிரிச் சேமிப்பில் மிகப் பரவலான வீண்செயல்.

ரத்தம் கலந்துவிட்டால் எவ்வளவு கெடுகிறது? கணக்கு போட்டுப் பார்க்கலாம். சி.எஸ்.எஃப்.பில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 5,000 சிவப்பணு என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் இருப்பது சுமார் 50 லட்சம். ஆக, ஆயிரத்தில் ஒரு பங்கு ரத்தம் கலந்திருக்கிறது, அதில் பிளாஸ்மா சுமார் 55%. சீரம் ஐ.ஜி.ஜி. லிட்டருக்கு 11 கிராம் என்றால் சி.எஸ்.எஃப்.பில் கூடுதலாகச் சேர்வது 6 மில்லிகிராம். அங்கே இயல்பாகவே 20 முதல் 40 மில்லிகிராம்தான் இருக்கும். கண்ணுக்கு லேசான இளஞ்சிவப்பாகத் தெரியும் மாதிரியே ஐ.ஜி.ஜி.யை 15 முதல் 30% தூக்கிவிடுகிறது. ஆகவே ஒரு மைக்ரோலிட்டருக்கு 500 சிவப்பணுவுக்கு மேல் இருந்தால் குறியீட்டு ஆய்வில் சேர்க்காமல் விடுவதே வழக்கம். நோயறிதலுக்கு வேறு வழியில்லை என்றால் எண்ணிக்கையை அறிக்கையில் எழுதி எச்சரியுங்கள்.

ஜோடியாகப் படிக்க வேண்டிய எண்கள்

சி.எஸ்.எஃப்.பில் உள்ள புரதத்தில் பெரும்பகுதி ரத்தத்திலிருந்து கசிந்து வந்தது. அதனால் தனி சி.எஸ்.எஃப். அளவு எதையும் நிரூபிக்காது. அதே நேரத்தில் எடுத்த சீரம் வேண்டும், இரண்டையும் ஒரே கருவியில், ஒரே ஓட்டத்தில் அளக்க வேண்டும்.

45 வயது நோயாளி ஒருவர் என்று கொள்வோம். சீரம் ஆல்புமின் லிட்டருக்கு 42 கிராம், சி.எஸ்.எஃப். ஆல்புமின் 0.21 கிராம். வகுத்தால் 5.0 × 10⁻³. ஆல்புமினை மூளை உருவாக்குவதில்லை, முழுக்கக் கல்லீரலிலிருந்தே வருகிறது. எனவே இந்த விகிதம் ரத்தத்துக்கும் சி.எஸ்.எஃப்.புக்கும் இடையிலான தடுப்புச்சுவரின் கசிவைக் காட்டும். மேல் எல்லை வயதைப் பொறுத்தது: 4 + (வயது ÷ 15). இவருக்கு 7. ஆக, சுவர் சரியாக இருக்கிறது.

சீரம் ஐ.ஜி.ஜி. 11 கிராம், சி.எஸ்.எஃப். ஐ.ஜி.ஜி. 0.055 கிராம். விகிதம் இதுவும் 5.0 × 10⁻³. ஐ.ஜி.ஜி. விகிதத்தை ஆல்புமின் விகிதத்தால் வகுத்தால் ஐ.ஜி.ஜி. குறியீடு 1.0. இயல்பு 0.7-க்குக் கீழ். ஐ.ஜி.ஜி. ஆல்புமினைவிடப் பெரிய மூலக்கூறு, கசிந்து மட்டும் வந்திருந்தால் அதன் விகிதம் குறைவாக இருந்திருக்க வேண்டும். இரண்டும் சமம் என்பதே உள்ளே உற்பத்தி நடப்பதற்கான சான்று. மொத்தப் புரதம் இவருக்கு இயல்பாகவே இருந்திருக்கும், கவனியுங்கள்.

கப்பா ஃப்ரீ லைட் செயினுக்கும் அதே கணக்கு. சீரம் லிட்டருக்கு 15 மில்லிகிராம், சி.எஸ்.எஃப். 1.5 மில்லிகிராம் என்றால் விகிதம் 100 × 10⁻³, குறியீடு 20. பரவலாகப் பயன்படும் எல்லை 6.1. சிறுநீரகம் பழுதான நோயாளிக்குச் சீரத்தில் கப்பா ஏறும், குறியீடு பொய்யாக இறங்கும். கிரியேட்டினின் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

ஒலிகோகுளோனல் பட்டைகளுக்கு ஐசோஎலக்ட்ரிக் ஃபோகசிங் முறையே சரி. சி.எஸ்.எஃப்.பும் சீரமும் அருகருகே ஓட வேண்டும். சீரத்தை நீர்க்கச்செய்து இரண்டிலும் ஐ.ஜி.ஜி. அளவைச் சமமாக்குங்கள், இல்லாவிட்டால் சீரப் பக்கம் கறுத்துப்போய் பட்டை தெரியாது. சி.எஸ்.எஃப்.பில் மட்டும் இரண்டோ அதற்கு மேலோ பட்டைகள் இருந்தால் நேர்மறை. இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் அது உடலிலிருந்து வந்த பிரதிபலிப்பு. 2017 மெக்டொனால்ட் வரையறை எம்.எஸ். நோயறிதலில் இந்தப் பட்டைகளுக்கு இடம் கொடுத்தது, இது எம்.எஸ்.க்கு மட்டும் உரியதல்ல.

எலைசாவும் பேனல்களும்

எலைசா என்பது ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து நிறமாற்றத்தால் அளக்கும் முறை. சீரத்துக்காகச் செய்யப்பட்ட கிட்டை சி.எஸ்.எஃப்.பில் அப்படியே ஓட்டாதீர்கள். சீரத்தில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் புரதம். சி.எஸ்.எஃப்.பில் 0.15 முதல் 0.45. ஸ்டாண்டர்டைக் கரைக்கும் பஃபரில் இருக்கும் புரத அளவு மாறினால் வளைகோடே மாறும். முன்கூட்டி இரண்டு சோதனைகள் செய்யுங்கள். தெரிந்த அளவு சைட்டோகைனை சி.எஸ்.எஃப்.பில் சேர்த்து அளந்தால் 80 முதல் 120% திரும்பக் கிடைக்க வேண்டும். அதிக அளவுள்ள மாதிரியை 2, 4, 8 மடங்கு நீர்க்கச் செய்து பெருக்கினால் ஒரே விடை வர வேண்டும். நீர்க்கச் செய்யச் செய்ய விடை ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒன்று குறுக்கிடுகிறது, அல்லது ஹூக் விளைவு (அளவு மிக அதிகமானதால் சோதனை திணறிக் குறைவாகக் காட்டுவது).

நீர்க்கும் அளவும் சைட்டோகைனுக்குச் சைட்டோகைன் மாறும். ஐ.எல்-8, எம்.சி.பி-1 இரண்டும் ரத்தத்தைவிட சி.எஸ்.எஃப்.பில் அதிகமாக இருப்பவை. ஐ.எல்-1 பீட்டா, டி.என்.எஃப். ஆகியவை பெரும்பாலும் சாதாரண எலைசாவின் கீழ் எல்லைக்குக் கீழேயே நிற்கும். இவற்றுக்கு மிகை உணர்திறன் கொண்ட சிமோவா போன்ற முறை இல்லையென்றால் குப்பியை வீணாக்க வேண்டாம்.

மாதிரியைப் பனிக்கட்டியில் உருக்கி, கலக்கி, 10,000 ஜி-யில் 5 நிமிடம் சுற்றி ஃபைப்ரின் துணுக்குகளை ஒதுக்கிவிட்டுப் பிப்பெட் செய்யுங்கள். கிட்டின் மற்ற பொருட்கள் அறை வெப்பத்துக்கு வர அரை மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த பிளேட்டின் ஓரக் குழிகள் நடுக் குழிகளோடு ஒத்துப்போகாததற்கு அதுவே பாதிக் காரணம். எல்லாம் இரட்டையாக. இரட்டைகளுக்கிடையே மாறுபாட்டுக் கெழு 10%-ஐத் தாண்டினால் திரும்ப ஓட்டுங்கள், அதையும் ஒளி அடர்த்தியில் பார்க்காமல் செறிவில் பாருங்கள். வளைகோட்டுக்கு நான்கு அல்லது ஐந்து அளபுரு முறை, நேர்க்கோடு வரையாதீர்கள். ஒரே நோயாளியின் எல்லா மாதிரிகளும் ஒரே பிளேட்டில். நோயாளிகளையும் ஒப்பீட்டுக் குழுவையும் கலந்து வையுங்கள். ஒரு பிளேட் முழுக்க நோயாளிகள், அடுத்தது முழுக்க ஆரோக்கியர் என்று வைத்தால் பிளேட் வேறுபாடே நோய் வேறுபாடாகத் தெரியும். சேர்த்து வைத்த பொது சி.எஸ்.எஃப். ஒன்றை ஒவ்வொரு பிளேட்டிலும் ஓட்டுங்கள், பிளேட்டுகளுக்கிடையே 15%-க்குள் நிற்க வேண்டும்.

பயோட்டினைப் பற்றி நரம்பியல் ஆய்வகங்கள் தனியாகக் கேட்க வேண்டும். முற்றிய எம்.எஸ்.க்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வரை பயோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்ட்ரெப்டாவிடின் பயன்படுத்தும் சாண்ட்விச் சோதனையில் அது அளவைப் பொய்யாகக் குறைக்கும், போட்டி முறைச் சோதனையில் பொய்யாகக் கூட்டும். ரூமட்டாய்டு காரணியும் ஹெட்டரோஃபில் ஆன்டிபாடிகளும் (கிட்டில் உள்ள ஆன்டிபாடிகளோடு ஒட்டிக்கொள்ளும் நோயாளியின் ஆன்டிபாடிகள்) இதற்கு எதிராகப் பொய் உயர்வு தரும். ஒரே மாதிரியில் தொடர்பில்லாத பத்து சைட்டோகைன்களும் ஒன்றாக எகிறியிருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

40 சைட்டோகைன் பேனலைப் பார்த்து மயங்குவது எளிது. ஒன்றுமே இல்லாத இடத்திலும் 0.05 என்ற புள்ளியியல் எல்லையில் சராசரியாக இரண்டு தற்செயலாகவே வேறுபட்டுத் தெரியும். கேள்விக்கு ஏற்ற ஐந்தைத் தேர்ந்து நன்றாக அளப்பது மேல்.

எண்ணைப் படித்தல்

கண்டறியும் எல்லைக்குக் கீழே வந்ததை 0 என்று எழுதாதீர்கள். எல்லையையே எழுதுங்கள். பகுப்பாய்வுக்கு எல்லையில் பாதியை வைப்பது ஒரு வழி. பாதிக்கு மேல் மாதிரிகள் எல்லைக்குக் கீழே இருந்தால் இருக்கிறது, இல்லை என்ற இரண்டு வகையாகப் பிரிப்பது நேர்மையானது. சைட்டோகைன் அளவுகள் ஒருபக்கம் நீண்டு கிடப்பவை. சராசரியைவிட இடைநிலை எண்ணும் மடக்கையும் பொருந்தும். வெவ்வேறு நிறுவனத்தின் கிட்டுகள் தரும் பிகோகிராம்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. அறிக்கையில் முறை, கிட், மாதிரி வகை மூன்றும் இருக்க வேண்டும்.

ஹை சென்சிட்டிவிட்டி சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் அடிப்படை நிலை என்று பதிய வேண்டாம். தொற்றைத் தேடிவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள்.

மருந்து வேலை செய்கிறதா என்று தொடர்ந்து அளக்கும்போது எவ்வளவு மாறினால் உண்மையான மாற்றம் என்பதை முன்னரே கணக்கிட்டு வையுங்கள். கருவியின் மாறுபாட்டையும் அதே மனிதரிடம் நாளுக்கு நாள் வரும் மாறுபாட்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 2.77-ஆல் பெருக்க வேண்டும். சி.ஆர்.பி.க்குக் கருவி மாறுபாடு 8%, மனித மாறுபாடு சுமார் 40% என்று எடுத்தால் விடை 113%. அதாவது 1.5-லிருந்து 2.5-க்கு ஏறியதை வைத்து நோய் கிளம்பிவிட்டது என்று மருந்தை மாற்ற முடியாது, 3.2-ஐத் தாண்டினால் யோசிக்கலாம், அதுவும் இன்னொரு மாதிரி எடுத்து உறுதி செய்த பிறகு.